உயிர் அறிவியல் தொழில்துறை: தென்னிந்தியாவில் வேலைவாய்ப்பும் தொழில்முறைத் தொடர்புகளும்

உயிர் அறிவியல் தொழில்துறை என்பது உயிரியல், வேதியியல், மருந்தியல் அறிவைக் கொண்டு மருந்து, தடுப்பூசி, நொதி, நோயறி கருவி, மருத்துவச் சாதனம், மேம்பட்ட விதை போன்றவற்றைக் கண்டறிந்து, தயாரித்து, சோதித்து, விற்கும் நிறுவனங்களின் தொகுப்பாகும். தென்னிந்தியாவில் ஐதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய மூன்று நகரங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளையும் மையமாகக் கொண்டு இத்துறை இயங்குகிறது.

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகிய பாடங்களில் ஏராளமானோர் பட்டம் பெறுகின்றனர். அவர்களில் பலர் படித்த துறையில் வேலை தேடி அலைந்துவிட்டு வேறு துறைக்குச் சென்றுவிடுகின்றனர். "அந்தத் துறையில் நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை" என்பதே பெரும்பாலும் கூறப்படும் காரணம். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கு இது உண்மையான தடை. ஆனால் தெரிந்தவர்களை உருவாக்கிக்கொள்ளவும் வழிகள் உள்ளன. இத்துறை எவ்வாறு அமைந்துள்ளது, எந்தெந்தப் பணிகள் உள்ளன, தொடர்புகளை எவ்வாறு நேர்மையாக வளர்த்துக்கொள்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தென்னிந்தியாவில் துறை வளர்ந்த விதம்

தென்னிந்தியாவில் இத்துறையின் வேர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிறுவனம் 1899-இல் தொடங்கப்பட்டது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் ஏற்பட்டு, வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்தால் பெயர் பெற்றது. கிண்டியில் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948-இல் அமைந்தது. இவை அனைத்தும் அரசு சார்ந்த நிறுவனங்கள்.

ஐதராபாத்தில் வேறொரு பாதை அமைந்தது. 1961-இல் மத்திய அரசு இந்தியன் டிரக்ஸ் அண்டு பார்மாசூட்டிகல்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தை உருவாக்கியது. சுருக்கமாக ஐ.டி.பி.எல். எனப்பட்ட இந்நிறுவனத்தின் ஒரு பெரிய ஆலை ஐதராபாத்தில் அமைந்தது. மருந்து மூலப்பொருள்களைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கும் வேலையை அங்கே பலர் கற்றனர். அவ்வாறு பணியாற்றிய அஞ்சி ரெட்டி பின்னர் தொழில்முனைவோராகி, 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காமல், தயாரிக்கும் முறைக்கு மட்டும் வழங்கியது. அதனால் புதிய முறையில் மருந்து தயாரிக்கத் தெரிந்த வேதியியலாளர்களுக்குப் பெரும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரே ஆலையில் வேலை கற்றவர்கள் பல நிறுவனங்களுக்குப் பரவியதே அந்நகரத்து மருந்துத் தொழிலின் வளர்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதே நகரில் வரபிரசாத் ரெட்டி 1993-இல் நிறுவிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் மஞ்சள்காமாலை-பி நோய்க்கான தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருத்தணியில் பிறந்து, வேளாண்மை படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற கிருஷ்ணா எல்லா, 1996-இல் பாரத் பயோடெக் நிறுவனத்தை அங்கே தொடங்கினார். நகரின் வடக்கே ஷாமீர்பேட்டை, துர்க்கப்பள்ளி பகுதிகளில் பரந்துள்ள ஜீனோம் வேலி என்ற உயிர் அறிவியல் வளாகத்தில் இன்று பல நிறுவனங்கள் அருகருகே செயல்படுகின்றன.

பெங்களூரில் கிரண் மஜும்தார் ஷா 1978-இல் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் பீர் வடிப்புத் தொழில்நுட்பம் படித்த அவருக்கு, பெண் என்பதால் அத்தொழிலில் இந்தியாவில் உரிய வேலை கிடைக்கவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு நொதி நிறுவனத்தின் உரிமையாளருடன் ஏற்பட்ட தொடர்பு அவரைத் தொழில்முனைவோராக மாற்றியது. பப்பாளிப் பாலிலிருந்து பாப்பெயின் என்ற நொதியைப் பிரித்தெடுப்பது அந்நிறுவனத்தின் தொடக்க காலப் பணிகளுள் ஒன்று. பெங்களூரின் பொம்மசந்திரா, ஜிகணி பகுதிகளிலும் தமிழ்நாட்டின் ஓசூர் பக்கத்திலும் இன்று ஆலைகள் தொடர்ச்சியாக அமைந்துள்ளன.

தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவாக 1992-இல் ஏற்பட்ட ஆரோலேப் குறிப்பிடத்தக்கது. கண்புரை அறுவையில் பொருத்தும் செயற்கை வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்க அதிகச் செலவானது. அதை மதுரையிலேயே தயாரித்து ஏழை நோயாளிகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது ஆரோலேப். சென்னைக்குத் தெற்கே ஆலத்தூரில் மருந்து நிறுவனங்களுக்கான தொழிற்பேட்டை உள்ளது. தரமணியில் டைசல் உயிர்த்தொழில்நுட்பப் பூங்காவும் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவும் இயங்குகின்றன.

இந்த வரலாற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. மருத்துவமனை, அரசு ஆய்வகம், பொதுத்துறை ஆலை என ஏதோ ஓரிடத்தில் சேர்ந்து வேலை கற்றவர்களின் உறவிலிருந்தே அடுத்தடுத்த நிறுவனங்கள் தோன்றின. இத்துறையில் மனிதத் தொடர்புக்கு உள்ள முக்கியத்துவத்தை இது காட்டுகிறது.

பணிப்பிரிவுகள்

உயிர் அறிவியல் என்றவுடன் வெள்ளை அங்கி அணிந்து ஆராய்ச்சி செய்வது மட்டுமே மாணவர்களின் நினைவுக்கு வருகிறது. ஆராய்ச்சி இத்துறையின் ஒரு சிறு பகுதியே. முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்கும் பிரிவுகள் பல.

உற்பத்தி: மருந்தையோ தடுப்பூசியையோ ஆலையில் தொகுதி தொகுதியாகத் தயாரிப்பது. ஆலைகளில் ஒவ்வொரு தொகுதியையும் பேட்ச் என்பார்கள். பெரும்பாலும் ஷிப்டு முறையில் வேலை இருக்கும்.

தரக் கட்டுப்பாடு: மூலப்பொருளையும் தயாரான பொருளையும் ஆய்வகத்தில் சோதிப்பது. க்யூ.சி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். எச்.பி.எல்.சி. எனப்படும் நிறப்பிரிகைக் கருவியை இயக்கத் தெரிந்தவர்களும், நுண்ணுயிர்ச் சோதனை செய்யத் தெரிந்தவர்களும் இங்கே தேவைப்படுகின்றனர்.

தர உறுதி: க்யூ.ஏ. எனப்படும் இப்பிரிவு, எல்லா வேலைகளும் எழுதப்பட்ட முறைப்படி நடக்கின்றனவா என்று கண்காணிக்கிறது. ஒரு பேட்ச் சந்தைக்குச் செல்ல அனுமதி வழங்கும் பொறுப்பு இதனுடையது.

ஒழுங்குமுறை விவகாரம்: மருந்துக்கு இந்தியாவிலும் பிற நாடுகளிலும் அனுமதி பெறத் தேவையான ஆவணங்களைத் தயாரிப்பது. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு நல்ல வாய்ப்புள்ள பிரிவு.

மருத்துவச் சோதனையும் மருந்துப் பாதுகாப்பும்: புதிய மருந்தை நோயாளிகளிடம் முறைப்படி சோதிக்கும் பணிகளை ஒருங்கிணைப்பது, விற்பனைக்கு வந்த மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து ஆராய்வது ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றைத் தவிர கருவிகளைப் பழுதுபார்க்கும் சேவை, மருந்து விற்பனைப் பிரதிநிதி, காப்புரிமை ஆய்வு, மருத்துவ எழுத்து, உயிர்தகவலியல் எனப் பல பணிகள் உள்ளன. எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று நேர்காணலில் கேட்டால் "எதுவானாலும் சரி" என்று கூறுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு பிரிவின் அன்றாட வேலை என்ன என்று தெரிந்துகொண்டு வருபவரே தேர்வாளரின் கவனத்தைப் பெறுகிறார்.

தகுதியும் தேர்வுகளும்

மருந்து தயாரிப்பு 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும் 1945-ஆம் ஆண்டு விதிகளின் கீழும் நடைபெறுகிறது. உற்பத்தியை மேற்பார்வையிடும் தொழில்நுட்பப் பணியாளருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை இவ்விதிகளே கூறுகின்றன. மருந்தியல் பட்டதாரிக்குப் பட்டம் பெற்றபின் 18 மாத உற்பத்தி அனுபவமும், வேதியியலை முதன்மைப் பாடமாகப் படித்த அறிவியல் பட்டதாரிக்கு 3 ஆண்டு அனுபவமும் தேவை. தடுப்பூசி, ஊசி மருந்து போன்ற வகைகளில் நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் இதில் இடம்பெறுகின்றனர். எனவே முதல் வேலையின் சம்பளம் குறைவாக இருந்தாலும், அங்கே பெறும் அனுபவம் சட்டப்படி மதிப்புள்ளதாகிறது. உயிர்த்தொழில்நுட்பம் படித்தவர்கள் தங்கள் பட்டம் எந்தப் பணிக்குப் பொருந்தும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

மேற்படிப்பு விரும்புவோர் எழுத வேண்டிய தேசிய அளவிலான தேர்வுகள் சில உள்ளன. உயிர்த்தொழில்நுட்ப முதுநிலைப் படிப்புக்கு ஜி.ஏ.டி.-பி, மருந்தியல் முதுநிலைக்கு ஜிபேட், பொறியியல் மற்றும் அறிவியல் பாடங்களுக்கு கேட், ஆராய்ச்சி உதவித்தொகைக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் ஆகியவை முக்கியமானவை. இத்தேர்வுகளின் மூலம் மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்கும் நிறுவனங்களில் சேர்ந்தால் படிப்புச் செலவு குறையும். நல்ல ஆய்வகங்களில் பணியாற்றுவோரின் அறிமுகமும் கிடைக்கும்.

எழுதி வைக்கும் பழக்கம்

"எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலை" என்பது மருந்து ஆலைகளில் புதியவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். ஒரு சோதனையை எந்த நாளில், எந்தக் கருவியில், யார் செய்தார் என்பது அப்போதே பதிவாக வேண்டும். தவறாக எழுதிவிட்டால் அழித்துவிடக் கூடாது. வெள்ளை மையும் பூசக் கூடாது. ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியானதை அருகில் எழுதி, காரணமும் தேதியும் குறித்துக் கையொப்பமிட வேண்டும். மருந்தால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தப் பேட்ச் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்க இந்தப் பதிவுகளே உதவும்.

கல்லூரிச் செய்முறை வகுப்பில் வந்த அளவீட்டை விட்டுவிட்டு, பாடநூலில் உள்ள விடையைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. மதிப்பெண்ணுக்காகச் செய்யப்படும் இப்பழக்கம் தொழிற்சாலையில் வேலையையே பறித்துவிடும். மாணவர்கள் தங்களுக்கு வந்த அளவையே எழுதி, அது ஏன் மாறுபட்டது என்று இரண்டு வரி சேர்த்து எழுதப் பழக வேண்டும். அத்தகைய பதிவேடு ஒன்றை நேர்காணலுக்கு எடுத்துச் செல்வது, பத்துச் சான்றிதழ்களை அடுக்குவதைவிடப் பயன் தரும்.

தொழில்முறைத் தொடர்பு என்பது என்ன?

தொடர்பு என்ற சொல்லைப் பலர் சிபாரிசு என்றே புரிந்துகொள்கின்றனர். சிபாரிசு என்பது ஒருவருடைய உறவையோ ஊரையோ சாதியையோ பார்த்துச் செய்யப்படுவது. தொழில்முறைத் தொடர்பு என்பது ஒருவருடைய வேலையை மற்றொருவர் அறிந்திருப்பது. முன்னது கிடைக்கப் பிறப்பு வேண்டும். பின்னதை உழைப்பால் உருவாக்கிக்கொள்ளலாம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இப்பொருளில் புகழ்பெற்றது. அறிமுகமானவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். வாரம் இருமுறையாவது சந்திக்கும் நெருக்கமானவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினரே. பாதிக்கும் மேற்பட்டோர் எப்போதாவது சந்திப்பவர் மூலமும், கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ பார்ப்பவர் மூலமும் வேலை பெற்றிருந்தனர். நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. சற்றுத் தூரத்தில் உள்ளவரே நமக்குத் தெரியாத இடத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பது அவர் தந்த விளக்கம்.

அந்த ஆய்வு அமெரிக்காவில் சிறிய எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டது. நம் நாட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. எனினும் சிற்றூர் மாணவருக்கு அதில் நம்பிக்கை தரும் செய்தி உள்ளது. துறையில் நெருங்கிய உறவினர் இல்லாதவரும், ஓரளவு அறிமுகமான சிலரைப் பெற்றுவிட்டால் வாய்ப்புகளை அறிய முடியும்.

தொடர்புகளை எங்கே தொடங்குவது?

கல்லூரி முன்னாள் மாணவர்கள்: நம்மைவிட இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்னர் படித்த அண்ணன்கள், அக்காக்களே முதல் படி. அவர்களுக்குச் சமீபத்திய நேர்காணல் அனுபவம் இருக்கும். துறைத் தலைவரிடம் கேட்டு, யார் எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம். அப்பட்டியலை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வது கல்லூரிக்குச் செய்யும் பெரிய உதவி.

திட்டப்பணி: இறுதியாண்டுத் திட்டப்பணியைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஆராய்ச்சி நிறுவனத்திலோ, மருத்துவமனை ஆய்வகத்திலோ, சிறிய ஆலையிலோ சில மாதங்கள் வேலை செய்தால், நம் வேலையை நேரில் கண்ட ஒருவராவது கிடைப்பார். அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு மாணவர்களும் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம்.

தொழில் பழகுநர் பயிற்சி: 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் உதவித்தொகையுடன் பயிற்சி வழங்கப்படுகிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. இதற்கென உள்ள தேசிய இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் தொழிற்பயிற்சித் திட்டங்களை நடத்தி வந்துள்ளது. அவற்றின் அறிவிப்புகளையும் கவனித்து வரலாம்.

கருத்தரங்குகள்: ஐதராபாத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் பயோ ஏசியா மாநாடு பெரியது. ஆனால் மாணவருக்குக் கட்டணமும் பயணமும் சுமையாகலாம். பக்கத்துக் கல்லூரியில் நடக்கும் ஒருநாள் கருத்தரங்கும் போதும். பேச்சாளரிடம் பொருளோடு தொடர்புடைய ஒரு கேள்வி கேட்டு, அதற்கு மறுநாள் நன்றி தெரிவித்து எழுதினால் அறிமுகம் தொடங்கிவிடும்.

சேவைப் பொறியாளர்கள்: பலரும் கவனிக்காத ஒரு வழி இது. கல்லூரி ஆய்வகக் கருவியைச் சரிசெய்ய வருபவர் பல ஆலைகளின் ஆய்வகங்களுக்கும் சென்று வருபவர். அவர் வேலை செய்யும்போது கூட நின்று கற்றுக்கொள்ள அனுமதி கேட்கலாம். கருவியைப் பற்றிய அறிவோடு, எந்த ஆலையில் புதிய ஆய்வகம் திறக்கிறார்கள் என்ற செய்தியும் கிடைக்கக்கூடும்.

கடிதம் எழுதும் முறை

அறிமுகமில்லாதவருக்கு மின்னஞ்சல் எழுதும்போது "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் பதில் வருவது அரிது. படிப்பவருக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஐந்தாறு வரிகளில், குறிப்பான ஒன்றைக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தாலும், முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால் கருத்துத் தெளிவாகும். மாதிரி ஒன்று:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். நான் இறுதியாண்டு நுண்ணுயிரியல் மாணவி. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஆலைகளின் நீர்ச் சோதனை பற்றித் தாங்கள் பேசியதைக் கேட்டேன். எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி நீரை ஆறு வாரங்கள் சோதித்து வருகிறேன். இரண்டாம் வாரத்தில் மட்டும் நுண்ணுயிர் எண்ணிக்கை மிக உயர்ந்தது. மாதிரி எடுத்த முறையில் பிழையா, நீரிலேயே மாற்றமா என்று எப்படிப் பிரித்தறிவது? தங்களுக்கு நேரம் இருக்கும்போது வழிகாட்ட வேண்டுகிறேன்."

இக்கடிதத்தில் வேலை கேட்கப்படவில்லை. ஆனால் எழுதியவர் என்ன செய்யக்கூடியவர் என்பது தெரிந்துவிடுகிறது. பதில் வந்தால் நன்றி கூற வேண்டும். சொன்னதைச் செய்து பார்த்து, முடிவையும் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் வற்புறுத்தக் கூடாது.

வேலை கிடைத்த பின்

முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவர் பெறும் பெயர் நெடுங்காலம் நிலைக்கும். ஒரே தொழிற்பேட்டையில் உள்ள ஆலைகளுக்குள் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஓரிடத்துச் செய்தி அடுத்த இடத்தை எளிதில் அடைகிறது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நிற்பது, பொய்யான அனுபவச் சான்று காட்டுவது ஆகியவை அதனால் மறையாமல் தொடரும். முன்பு பணியாற்றிய இடத்தின் செய்முறை ஆவணங்களையோ தகவல்களையோ வேறு நிறுவனத்துக்குக் கொண்டு செல்வது நம்பிக்கைத் துரோகம்; சட்டச் சிக்கலும் ஏற்படும்.

வெளிமாநிலம் செல்பவர்கள் தெலுங்கோ கன்னடமோ பேசக் கற்றுக்கொள்வது பெரிதும் உதவும். ஆலையில் இயந்திரம் இயக்கும் மூத்த தொழிலாளர்கள் அறிந்தவை பாடநூலில் இருப்பதில்லை. அவர்கள் மொழியில் பேசினால் அவற்றைக் கற்கலாம்.

எச்சரிக்கைகள்

வேலை வாங்கித் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பக் கூடாது. முறையான நிறுவனம் வேலை தர விண்ணப்பதாரரிடம் பணம் பெறுவதில்லை. வேலை உறுதி என்று விளம்பரம் செய்து அதிகக் கட்டணம் வாங்கும் குறுகிய காலப் பயிற்சிகளில் சேரும் முன், அங்கே படித்த இருவரிடமாவது நேரில் பேசிப் பார்க்க வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிணையாக ஒப்படைக்கக் கூடாது. பணி ஆணையில் உள்ள ஒப்பந்தக் காலத்தையும், இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் படித்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

பெண்கள் இரவு ஷிப்டு, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவை குறித்து நேர்காணலிலேயே கேட்கலாம். அங்கு ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் பேசிய பிறகு முடிவெடுத்தால் பெற்றோரின் கவலையும் குறையும்.

முடிவுரை

உயிர் அறிவியல் தொழில்துறையில் பட்டம் ஒரு நுழைவுச் சீட்டு. உள்ளே சென்றபின் ஒருவரைத் தாங்குவது அவரது கைவேலையும், நேர்மையான பதிவும், அவற்றை அறிந்த மனிதர்களுமே. படிக்கும் காலத்திலேயே ஒரு கருவியை நன்றாகக் கற்பது, ஒரு பதிவேட்டை உண்மையாக எழுதுவது, ஆண்டுக்கு நான்கைந்து பேரிடம் பொருளுள்ள கேள்வி கேட்டு அறிமுகம் பெறுவது ஆகிய மூன்றும் எந்தச் சிற்றூர்க் கல்லூரியிலும் இயலக்கூடியவை. இவ்வழியில் வேலை பெற்றவர், தமக்குப் பின் வரும் மாணவர் எழுதும் கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டும். அப்போதுதான் "தெரிந்தவர் யாரும் இல்லை" என்ற நிலை அடுத்த தலைமுறைக்கு மாறும்.